ஓரிக்கையின் ஒற்றை வாக்கு

காஞ்சிபுரத்தின் தெற்குப் புறத்தில், பாலாற்றை ஒட்டி, உத்திரமேரூர் செல்லும் வழியில் அமைந்திருக்கும் ஓரிக்கையை வெளியூர்க்காரர்கள் அரசுப் பேருந்துப் பணிமனையாலும் காஞ்சி மகா சுவாமிகளின் நினைவாகக் கருங்கல்லில் எழுப்பப்பட்ட மணிமண்டபத்தாலும் அடையாளம் காண்கிறார்கள். வைணவ மரபோ திருமழிசையாழ்வார் தம் சீடர் கணிகண்ணனுடன் ஓரிரவு தங்கிய இடமென்று இவ்வூரைப் போற்றுகிறது. உள்ளாட்சித் தேர்தலைப் புரிந்துகொள்ள விரும்புவோருக்கு இவ்வூர் முக்கியமாவது வேறொரு காரணத்தால்: ஒரே தெருவில், ஒரே வீட்டில் குடியிருந்தபடியே ஓரிக்கை வாக்காளர் இருபது ஆண்டுகளுக்குள் மூன்று வகையான உள்ளாட்சித் தேர்தல்களைச் சந்தித்திருக்கிறார், ஒவ்வொன்றிலும் அவர் கைக்கு வந்த வாக்குகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

ஓரிக்கை தனி ஊராட்சியாக இருந்தவரை, ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு ஒன்று, ஊராட்சித் தலைவருக்கு ஒன்று, ஊராட்சி ஒன்றியக் குழு வார்டு உறுப்பினருக்கு ஒன்று, மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு ஒன்று என அங்குள்ள வாக்காளருக்கு நான்கு வாக்குகள் இருந்தன. சுற்றியிருந்த ஊர்களோடு ஓரிக்கையும் காஞ்சிபுரம் நகராட்சியில் இணைக்கப்பட்ட பின் நடந்த 2011 தேர்தலில், நகர்மன்றத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை இருந்தமையால், தலைவருக்கு ஒன்றும் வார்டு உறுப்பினருக்கு ஒன்றுமாக இரண்டு வாக்குகள் கிடைத்தன. 2021 ஆகஸ்ட்டில் காஞ்சிபுரம் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்படும் என்ற அறிவிப்பு சட்டமன்றத்தில் வெளியாகி, 51 வார்டுகள் கொண்ட அந்த மாநகராட்சியின் முதல் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்று நடந்தபோது, மேயரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தல் முறை நடைமுறைக்கு வந்திருந்ததால், மக்களுக்கு மிஞ்சியது வார்டு கவுன்சிலருக்கான ஒற்றை வாக்கு மட்டுமே.

நான்கு வாக்குகள் உள்ளவர் ஒன்றைத் தவறவிட்டாலும் மற்ற மூன்றினால் உள்ளாட்சியின் ஏதோ ஒரு படியில் தம் விருப்பத்தைப் பதிவு செய்துவிடலாம். ஒற்றை வாக்கு மட்டுமே உள்ளவருக்கு அந்த வசதி இல்லை. குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் கால்வாய், தெருவிளக்கு, குப்பை அகற்றம், சொத்துவரி ஆகிய அனைத்தையும் பற்றிப் பேச அவர் அனுப்பும் ஒரே குரல் கவுன்சிலருடையது. மேயர் யார் என்பதிலும் அந்தக் கவுன்சிலர் வழியாகவே அவருக்குப் பங்கு உண்டு. 2022-இல் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த காஞ்சிபுரம் மேயர் பதவிக்கு மார்ச் 4 அன்று மகாலட்சுமி யுவராஜ் தேர்வானபோது, மாமன்றக் கூடத்தில் கவுன்சிலர்களின் முடிவாக வெளிப்பட்டது அவரவர் வார்டு மக்கள் இரு வாரங்களுக்கு முன் அளித்த அந்த ஒற்றை வாக்கேயாகும். ஆகவே சரியான வார்டின் பட்டியலில், சரியான முகவரியில் பெயர் இருக்கிறதா என்பதே இங்கே வாக்குரிமையின் முழுப்பொருள் என்று கருத இடமுண்டு. வாக்குப்பதிவு நாளைப் பற்றிப் பேசப்படும் அளவில் நூற்றில் ஒரு பங்குகூட அப்பட்டியலைப் பற்றிப் பேசப்படுவதில்லை என்பது வருந்தத்தக்கது.

பட்டியல் என்னும் பழைய கேள்வி

ஓரிக்கைப் பாலத்தைக் கடந்து செல்லும் அதே சாலை சென்றுசேரும் உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள், அதாவது பொது ஆண்டு 919, 921-ஐச் சேர்ந்தவை, குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊர் 30 குடும்புகளாக, இன்றைய வழக்கில் சொன்னால் வார்டுகளாக, பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோரின் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. விவரம் அறியாச் சிறுவன் ஒருவன் எடுத்த ஓலைக்குரியவர் வாரியத்தில் ஓராண்டு பணியாற்றினார். மேடைதோறும் பெருமையோடு எடுத்துக்காட்டப்படும் இக்கல்வெட்டு உண்மையில் மிகுதியும் பேசுவது பட்டியலைப் பற்றியே. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உள்ளவர், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவர், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டவர், வேதக் கல்வி உடையவர் ஆகியோர் பெயரே குடத்துக்குள் செல்லலாம்; முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். அது ஒரு பிராமணச் சதுர்வேதிமங்கலத்தின் சபை என்பதையும், உழுதவருக்கும் நெய்தவருக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

பிரிட்டிஷ் ஆட்சியில் 1866-இல் காஞ்சிபுரம் நகராட்சியான பிறகும் நெடுங்காலம் வாக்குரிமை சொத்தையும் செலுத்திய வரியையும் சார்ந்தே இருந்தது. வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு என்னும் இன்றைய நிலையில், யாரிடமும் நிலப்பட்டாவோ வரி ரசீதோ கல்விச் சான்றோ தகுதியாகக் கேட்கப்படுவதில்லை. இந்தியக் குடியுரிமை, 18 வயது நிறைவு, அப்பகுதியில் வழக்கமாகக் குடியிருத்தல் ஆகிய மூன்றே போதும். ஆயினும் அம்மூன்றும் உடைய ஒருவர், பட்டியலில் பெயர் இல்லாவிட்டால், வாக்குச்சாவடியில் வாக்காளர் ஆகமாட்டார். சட்டம் தந்த உரிமையை நடைமுறையில் தருவது பட்டியல்தான்.

இரண்டு ஆணையங்கள், ஒரு பட்டியல்

உள்ளாட்சித் தேர்தலில் மக்களை அதிகம் குழப்புவது யார் எதை நடத்துகிறார் என்பது. நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். ஊராட்சி முதல் மாநகராட்சி வரையிலான தேர்தல்களை நடத்துவது, 1992-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி 1993-இல் நடைமுறைக்கு வந்த 73, 74-ஆவது அரசமைப்புத் திருத்தங்களின் வழியே உருவான மாநிலத் தேர்தல் ஆணையம்; தமிழ்நாட்டில் இது 1994 முதல் இயங்கிவருகிறது. இரண்டும் வெவ்வேறு அமைப்புகள் என்றாலும், மாநில ஆணையம் தனியாக வீடுவீடாகச் சென்று பட்டியல் தயாரிப்பதில்லை. இந்தியத் தேர்தல் ஆணையத்தின் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலை, ஓரிக்கையைப் பொறுத்தவரை காஞ்சிபுரம் தொகுதியின் பட்டியலை, எடுத்துத் தெருவாரியாகப் பிரித்து வார்டுகளுக்குள் அடுக்கி, அதையே உள்ளாட்சி வாக்காளர் பட்டியலாக வெளியிடுகிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, உள்ளாட்சியில் வாக்களிக்க விரும்புபவர் முதலில் சட்டமன்றப் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டும். மாநகராட்சி அலுவலகத்தில் வீட்டுவரி கட்டிய ரசீதோ, ஓரிக்கை முகவரியிலுள்ள குடும்ப அட்டையோ, பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் புத்தகமோ ஒருவரைத் தானாக அப்பட்டியலில் சேர்த்துவிடாது. இரண்டாவது, சட்டமன்றத் தேர்தலில் தடையின்றி வாக்களித்தவருக்குக்கூட உள்ளாட்சியில் சிக்கல் வரலாம். சட்டமன்றத் தொகுதிக்குள் எந்தத் தெருவில் பெயர் இருந்தாலும் வாக்கு ஒரே வேட்பாளர்களுக்குத்தான் போகும். வார்டுத் தேர்தலிலோ ஒரு தெரு தள்ளிப் பெயர் இருந்தால் வேட்பாளர்களே மாறிவிடுவார்கள். பிள்ளையார்பாளையத்தில் வாடகைக்கு இருந்து ஓரிக்கைக்குக் குடிபெயர்ந்த ஒருவர் பழைய முகவரியை மாற்றாமல் விட்டுவிட்டால், சட்டமன்றத் தேர்தலில் அவருக்கு நேரும் இழப்பு சற்றுத் தொலைவு நடப்பது மட்டுமே. மாநகராட்சித் தேர்தலில் அவர் தாம் வாழாத தெருவுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, தாம் வாழும் தெருவின் சாக்கடைக்காக யாரிடமும் உரிமையோடு போய் நிற்க முடியாதவராகிறார்.

காலக் கணக்கு இன்னும் கடுமையானது. 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலுக்கான அறிவிப்பு ஜனவரி 26 அன்று வெளியானது; வேட்புமனுத் தாக்கல் ஜனவரி 28-இல் தொடங்கி பிப்ரவரி 4-இல் முடிந்தது; பிப்ரவரி 19 வாக்குப்பதிவு, 22 வாக்கு எண்ணிக்கை. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் புதுப்பெயர் சேர்க்கப்படுவதில்லை என்பது பொது விதி. பெயர் சேர்க்கும் விண்ணப்பம் ஒன்று வந்தால், அதற்கு ஆட்சேபம் உண்டா என்று அறிய அதை ஏழு நாள் பொதுப் பார்வையில் வைக்க வேண்டும் என்பது மற்றொரு விதி. அறிவிப்புக்கும் மனுத்தாக்கல் முடிவுக்கும் இடையே இருந்தது ஒன்பதே நாள். தேர்தல் அறிவிக்கப்பட்ட பின் பட்டியலைத் தேடிப் புறப்பட்டவருக்கு எஞ்சியிருந்த அவகாசம் எவ்வளவு என்பதை இக்கணக்கே சொல்லிவிடும்.

படிவமும் முகவரியும்

புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கு உரியது படிவம் 6. அதை வாக்காளர் பதிவு அலுவலரிடம், அதாவது ஒரு தொகுதியின் பட்டியலுக்குச் சட்டப்படி பொறுப்பேற்கும் வருவாய்த்துறை அதிகாரியிடம், நேரில் கொடுக்கலாம். தெருவளவில் அவருக்காகப் பணியாற்றும் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமும், அதாவது மக்கள் பி.எல்.ஓ. என்று சுருக்கமாக அழைக்கும் பள்ளி ஆசிரியரிடமோ அங்கன்வாடிப் பணியாளரிடமோ பிற அரசுப் பணியாளரிடமோ, கொடுக்கலாம். இந்தியத் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலோ கைபேசிச் செயலியிலோ பதிவேற்றவும் செய்யலாம். ஐயங்களுக்கு 1950 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் உள்ளது. வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ், பத்தாம் அல்லது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு போன்றவற்றில் ஒன்றும், முகவரிக்கு மின்கட்டண அல்லது குடிநீர்க் கட்டண ரசீது, வங்கிக் கணக்குப் புத்தகம், ஆதார், பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தம், கிரயப் பத்திரம் போன்றவற்றில் ஒன்றும் இணைக்கப்பட வேண்டும்.

நெசவு ஊரில் இந்த முகவரிச் சான்றே இடறும் இடம். காஞ்சிபுரத்து நெசவாளருக்கு வீடும் தொழிற்கூடமும் பெரும்பாலும் ஒன்றே. முன்கூடத்துத் தரையில் வெட்டிய குழியில் கால்களை இறக்கி மிதிக்கட்டையை மிதித்து நெய்யும் குழித்தறி அவ்வீட்டின் பாதி இடத்தை எடுத்துக்கொள்கிறது. சொந்த வீடு இல்லாத கூலி நெசவாளர் தறி போட இடமிருக்கும் வீட்டைத் தேடி மாறிக்கொண்டிருக்கிறார். அவருக்கும் வீட்டுக்காரருக்கும் இடையிலான உடன்பாடு வாய்ச்சொல்லிலும் முன்பணத்திலும் முடிந்துவிடுகிறது, பத்திரப்பதிவு அலுவலகம் வரை போவதில்லை. மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில். ஆதார் அட்டை இரண்டு வீட்டுக்கு முந்தைய முகவரியில். இத்தகையோர் தமக்குச் சான்று இல்லை என்று எண்ணி விண்ணப்பிக்காமலே இருந்துவிடுவதுண்டு. அந்த எண்ணம் தவறானது. குறிப்பிட்ட சான்றுகளில் எதுவும் இல்லாதவருக்கு, பி.எல்.ஓ. நேரில் வந்து விசாரித்துக் குடியிருப்பை உறுதிசெய்ய வேண்டும் என்று அப்படிவத்தின் நடைமுறையே கூறுகிறது. நடைபாதையில் உறங்குவோருக்குக்கூட அவர்கள் உறங்கும் இடத்தில் இரவில் சென்று பார்த்துப் பதிவு செய்யும் ஏற்பாடு தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதலில் இருக்கிறது. வழக்கமாகக் குடியிருத்தல் என்பதற்கு 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தரும் விளக்கமும் இதற்குத் துணை நிற்கிறது: ஓர் ஊரில் வீடு சொந்தமாக இருப்பதாலேயே ஒருவர் அங்கே குடியிருப்பவர் ஆகிவிடுவதில்லை, வேலை நிமித்தம் சில நாள் வெளியே தங்குவதாலேயே குடியிருப்பவர் அல்லாதவராகிவிடுவதும் இல்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போய் அங்கே அறையெடுத்து வார இறுதியில் வீடு திரும்பும் நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இவ்விளக்கம் நேரடியாகப் பொருந்தும்.

வயதைப் பொறுத்தவரை, முன்பு ஆண்டுக்கு ஒரே தகுதி நாளாக ஜனவரி 1 மட்டுமே இருந்தது. ஜனவரி 2-இல் 18 நிறைந்தவர் ஏறக்குறைய ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2022 முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய நான்கும் தகுதி நாள்களாயின. 17 வயது நிறைந்தவர் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கவும் வழி பிறந்தது. இளைஞர்களுக்குச் செய்யப்பட்ட சீர்திருத்தங்களில் இதைவிடப் பயன் மிக்கது வேறில்லை எனலாம். பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களிடம் இதை எடுத்துச் சொல்ல ஒரு வகுப்பு நேரமே போதும்.

முகவரி மாற்றத்துக்கும், பெயர், வயது, படம் முதலியவற்றைத் திருத்துவதற்கும், தொலைந்த அட்டைக்கு மாற்றுப் பெறுவதற்கும் இப்போது படிவம் 8 ஒன்றே போதும். மணமாகி வேறு ஊரிலிருந்து ஓரிக்கைக்கு வந்த பெண், பிறந்த ஊர்ப் பட்டியலில் பெயரை விட்டுவிட்டு இங்கே புதிதாகப் படிவம் 6 கொடுப்பது பரவலாக நடக்கும் பிழை. ஒருவர் பெயர் ஓரிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும், தெரிந்தே பொய்யான உறுதிமொழி அளிப்பது ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரியது என்பதும் சட்டம். அவர் கொடுக்க வேண்டியது படிவம் 8. இறந்தவர் பெயரை நீக்கவும், தகுதியற்ற பெயருக்கு ஆட்சேபம் தெரிவிக்கவும் படிவம் 7 உள்ளது.

இவை ஒருமுறை செய்து மறந்துவிடும் வேலைகள் அல்ல என்பதைத் தமிழ்நாடு அண்மையில் கண்டது. 2025 நவம்பர் 4 அன்று தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், முன்பு பெயர் இருந்த ஒவ்வொரு வாக்காளரும் கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்பித் திருப்பித் தர வேண்டியிருந்தது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில், மாநிலம் முழுவதும் முன்பிருந்த சுமார் 6.41 கோடி பெயர்களில் சுமார் 97 லட்சம் இடம்பெறவில்லை. அவற்றுள் இறந்தோரும் இருமுறை பதிவானோரும் இருந்தாலும், மிகப் பெரும்பகுதி முகவரியில் காணப்படாதோர் அல்லது இடம்பெயர்ந்தோர் என வகைப்படுத்தப்பட்டது. வீடு மாறுவதையே வாழ்க்கையாகக் கொண்ட கூலித் தொழிலாளர் நிறைந்த ஊர்களில் அந்த வகைப்பாடு யாரைத் தொடும் என்பதை விளக்கத் தேவையில்லை. சட்டமன்றப் பட்டியலே உள்ளாட்சிப் பட்டியலுக்கும் மூலம் என்பதால், அங்கே விடுபட்டு மீண்டும் சேராதவர் இங்கேயும் விடுபட்டவரே. பழைய வாக்காளர் அடையாள அட்டை கையில் இருப்பது பெயர் இருப்பதற்குச் சான்றாகாது. பாகம் எண்ணும் வரிசை எண்ணும் இன்றைய பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்த்தலே சான்று.

பட்டியல் வாக்களிப்பதற்கு மட்டும் உரியதன்று என்பதும் கருதத்தக்கது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் சேர்ந்ததே கிராமசபை என்று அரசமைப்புச் சட்டம் வரையறுக்கிறது. நகராட்சியில் இணைந்தபோது ஓரிக்கை மக்கள் இழந்தவற்றுள் இரண்டு வாக்குகளைவிடப் பெரியது, வரவு செலவை எழுந்து நின்று கேட்கும் இந்தச் சபை. நகரப் பகுதிகளுக்கான வார்டு குழு, பகுதி சபைக் கூட்டங்கள் தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 அன்றுதான் முதன்முறையாகக் கூட்டப்பட்டன. இடைப்பட்ட ஆண்டுகளில் நகரோடு சேர்ந்த ஊர்களுக்குச் சபை என்று ஒன்று இல்லாமலே போயிற்று.

வாக்குச்சாவடிக்குள்

வாக்குப்பதிவு நாளில் வாக்காளர் அடையாள அட்டை இல்லாதவர் ஆதார், ஓட்டுநர் உரிமம், நிரந்தரக் கணக்கு எண் அட்டை, கடவுச்சீட்டு, படத்துடன் கூடிய வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை முதலிய மாற்று ஆவணங்களில் ஒன்றைக் காட்டலாம். முதல் அலுவலர் பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படிப்பது வேட்பாளர்களின் முகவர்கள் கேட்டுச் சரிபார்ப்பதற்காக; ஆள் மாறாட்டம் என்று முகவர் ஐயம் எழுப்ப வேண்டிய தருணமும் அதுவே. அடுத்தவர் இடக்கை ஆள்காட்டி விரலில் அழியாத மை வைத்துப் பதிவேட்டில் கையொப்பம் அல்லது கைரேகை பெறுகிறார். மூன்றாமவர் கட்டுப்பாட்டுக் கருவியின் பொத்தானை அழுத்திய பின்னரே மறைப்புக்குள் இருக்கும் வாக்குக் கருவி ஒரு வாக்குக்குத் திறக்கும். வேட்பாளர் பெயருக்கும் சின்னத்துக்கும் நேரே உள்ள நீலப் பொத்தானை அழுத்தினால் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும், நீண்ட ஒலி எழும். யாருக்கு வாக்களித்தோம் என்பதைக் காகிதச் சீட்டில் காட்டும் கருவி 2022 நகர்ப்புறத் தேர்தலில் இணைக்கப்படவில்லை. ஆகவே விளக்கும் ஒலியுமே வாக்காளருக்குக் கிடைக்கும் உறுதி, அவை வரும் வரை விரலை எடுக்காதிருத்தல் நலம். நோட்டா பொத்தானும் அத்தேர்தலில் இல்லை. யாருக்கும் வாக்களிக்க விரும்பாதவர் அதைத் தலைமை அலுவலரிடம் தெரிவித்துப் பதிவேட்டில் குறிக்கச் செய்ய வேண்டியிருந்தமையால், அந்த விருப்பத்துக்கு மட்டும் இரகசியக் காப்பு இல்லாது போயிற்று. இது திருத்தப்பட வேண்டிய குறை.

மாநகராட்சி எல்லைக்கு வெளியே, பாலாற்றின் மறுகரை ஊராட்சிகளில் காட்சி வேறு. அங்கே கருவி இல்லை. நான்கு பதவிகளுக்கு நான்கு நிற வாக்குச்சீட்டுகள். ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய வார்டுக்குப் பச்சை, மாவட்ட வார்டுக்கு மஞ்சள். முதலிரண்டு பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது, பின்னிரண்டுக்கு உண்டு. அம்புக்குறிகள் குறுக்காக அமைந்த முத்திரையை ஒரே ஒரு வேட்பாளரின் கட்டத்துக்குள் பதித்து, சீட்டை முதலில் நெடுக்காகவும் பிறகு குறுக்காகவும் மடிக்க வேண்டும். குறுக்காக முதலில் மடித்தால் ஈர மை மேலோ கீழோ உள்ள மற்றொரு சின்னத்தின் மேல் ஒட்டி, எண்ணும் மேசையில் சர்ச்சைக்கு இடம் தரும். சில பத்து வாக்குகளில் முடிவாகும் ஊராட்சி வார்டுகளில் அப்படிக் கெட்ட ஓரிரு சீட்டுகளே வெற்றியைத் தீர்மானித்துவிடக்கூடும். சமநிலை ஏற்பட்டால் தீர்வு குலுக்கலில்தான் என்பதால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய குடத்தின் வேலை இன்றும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை.

பார்வையற்றவரும் தாமே பொத்தானை அழுத்த இயலாதவரும் 18 வயது நிறைந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம். ஒரே நபர் பலருக்குத் துணையாக வர இயலாது. வாக்குப்பதிவு முடியும் நேரத்தில் வரிசையில் நிற்பவர் எவ்வளவு பேராயினும் அனைவரும் வாக்களிக்கலாம். வரிசையின் கடைசி ஆளிடமிருந்து தொடங்கி முன்னோக்கி எண்ணிட்ட சீட்டு வழங்கப்படுவது, நேரம் முடிந்த பின் எவரும் பின்னால் சேராதிருக்கும் பொருட்டு. ஒருவர் செல்வதற்கு முன்பே அவர் பெயரில் வேறொருவர் வாக்களித்துவிட்டிருந்தால், திரும்பி வந்துவிடுவது தவறு. தலைமை அலுவலரின் கேள்விகளுக்கு விடையளித்துத் தாம் இன்னார் என்று நிறுவியவருக்கு, கருவிக்குப் பதிலாக ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு எனப்படும் தனிச் சீட்டு தரப்படும். அது தனி உறையில் முத்திரையிடப்பட்டுக் காக்கப்படும். எண்ணிக்கை நாளில் அது பிரிக்கப்படுவதில்லை என்றாலும், முடிவை எதிர்த்து வழக்கு எழும்போது நீதிமன்றத்தின் பார்வைக்கு வரும் ஆவணம் அதுவே.

அடுத்த முறை

2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அம்மாதம் நடக்கவிருந்த தேர்தலின் அறிவிப்பை, பழங்குடியினர் இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் வார்டு வரையறையும் வழக்குகளுமாக ஆண்டுகள் கழிந்தன. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளுக்குத் தேர்தல் நடந்தபோதும், மாவட்டப் பிரிப்பினால் எல்லைகள் மாறிய ஒன்பது மாவட்டங்களுள் ஒன்று என்ற வகையில் காஞ்சிபுரம் உச்ச நீதிமன்ற ஆணையால் விலக்கப்பட்டு 2021 அக்டோபரிலேயே வாக்களித்தது. நகரத்துக்கு 2022 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் என்று அரசமைப்புச் சட்டம் கட்டாயமாக்கிய ஒரு மன்றம், ஐந்தாண்டுகளுக்கு மேல் கவுன்சிலர் எவரும் இன்றித் தனி அலுவலரின் கையில் இருந்தது. ஒரு முழுப் பதவிக்காலம் மக்களிடமிருந்து பறிபோனது என்பதைத் தவிர இதற்கு வேறு பெயரிட முடியாது.

2022-இல் அமைந்த மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027-இன் தொடக்கத்தில் நிறைவுறும். 2009 ஜனவரி 1 அல்லது அதற்கு முன் பிறந்தவர்கள் 2027 ஜனவரி 1 என்னும் தகுதி நாளுக்குள் வாக்காளராகும் வயதை எட்டிவிடுவர். தேர்தலுக்கு எந்த நாளைய பட்டியல் மூலமாகக் கொள்ளப்படும் என்பதை மாநிலத் தேர்தல் ஆணையம் அறிவிக்கும். வார்டுவாரிப் பட்டியல் வெளியானதும் மாநகராட்சி அலுவலகத்தில் அதைப் பார்வையிட எவருக்கும் உரிமை உண்டு. அப்போது பார்க்க வேண்டியவை மூன்று: பெயர் இருக்கிறதா, இருக்கும் தெரு தாம் இன்று குடியிருக்கும் தெருதானா, அந்தத் தெரு தமக்குரிய வார்டுக்குள் வைக்கப்பட்டிருக்கிறதா. முதலிரண்டில் பிழை இருந்தால் தீர்வு படிவம் 6 அல்லது 8 வழியாகச் சட்டமன்றப் பட்டியலில். மூன்றாவதில் பிழை இருந்தால் முறையிட வேண்டியது மாநகராட்சி ஆணையரிடம். மூன்றையும் வேட்புமனுத் தாக்கல் தொடங்கும் முன் முடித்துக்கொள்ள வேண்டும்.